ஜோசலின் அக்காவுக்குக் கிடைத்த மன்னிப்பு

எங்கள் கருவிக்கூடத்துக்குள் நுழைகிற யாரையும் ஜோசலின் அக்கா வணக்கம் சொல்லி வரவேற்றதில்லை. "வடிகட்டினியா?" என்றுதான் கேட்பார். செங்கல்பட்டிலிருந்து ரயில் பிடித்து வந்த மாணவியானாலும் சரி, டை கட்டிய பேராசிரியரானாலும் சரி, கையில் சாம்பிள் குப்பி இருந்தால் முதல் கேள்வி இதுதான். பேராசிரியர் என்றால் "வடிகட்டினீங்களா சார்?" என்று கொஞ்சம் மரியாதை கூடும், அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால் குப்பியைக் கையால் தொடமாட்டார். மூலையில் வடிகட்டி வைத்திருக்கிற மேசையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். பையன்கள் அவருக்கு வடிகட்டி அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் தினகரன். அதே கூடத்தில் பக்கத்து அறையில் வேறொரு கருவியைப் பார்த்துக்கொள்கிறவன். தாம்பரத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் விலை உயர்ந்த வேதியியல் கருவிகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து, எங்கள் மாணவர்களுக்கும் வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கிறார்கள். முன்பதிவு செய்துவிட்டு வரிசையில் வரவேண்டும். பம்மல் கிணற்றுத் தண்ணீர், ஆவாரம்பூச் சாறு, காலாவதியான மாத்திரை என்று என்னென்னவோ எங்களிடம் வரும். கருவியை நாங்கள்தான் இயக்குவோம், வருகிறவர்கள் தொடக்கூடாது. இது சுவரில் ஒட்டியிருக்கிற விதி. நம்ம ஆள் என்றால் தொடலாம் என்பது ஒட்டாத விதி. இந்த ஊரில் எந்த ஆபீஸில்தான் அந்த இரண்டாவது விதி இல்லை?

ஜோசலின் அக்காவின் பொறுப்பில் இருந்தது எச்.பி.எல்.சி. கலந்து கிடக்கும் திரவத்தில் என்னென்ன இருக்கிறது, எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கருவி. ஒரு பம்ப் திரவத்தை அழுத்தித் தள்ளும். பொடி அடைத்த ஒரு சிறிய இரும்புக் குழாய்க்குள் போய் வெளியே வரும்போது ஒவ்வொரு பொருளாகப் பிரிந்து வரும். தூசு போனால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் அந்த வடிகட்டினியா. இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வேலைகளுக்கு உப்புக் கரைசலை ஓட்டுவார்கள். முடிந்ததும் முதலில் வெறும் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, அதற்குப் பிறகுதான் மெத்தனால் விடவேண்டும். அவசரப்பட்டு நேராக மெத்தனாலை விட்டால் உள்ளே இருக்கும் உப்பு அங்கேயே கட்டிப் படிந்துவிடும். குழாயும் போச்சு, பம்பும் போச்சு. எம்.எஸ்ஸி. முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்போம். எல்லாம் படித்து முடித்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

அக்கா தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சியிலும் சேர்ந்தார். கல்யாணம், பிரசவம், அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததில் ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது. கணவர் தேவானந்தம் பம்மலில் பள்ளி ஆசிரியர், வாயில்லாத மனிதர். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்தமாக ஒரு ஃபிளாட், ஒரு மகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ குரல். இவை தவிர அக்காவுக்கு வாழ்க்கையில் இருந்தது அந்தக் கருவி. அதை ஓட்டும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். யாருடைய ஆய்வுக் கட்டுரையாவது வெளிவந்தால் எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். அக்கா அதில் ஒரே ஒரு துண்டைப் பாதியாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுல என் பங்கும் இருக்கு தினா" என்பார். தனக்கு முடியாமல் போன ஆராய்ச்சியை அடுத்தவர்களுக்கு முடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

காந்திமதி மேடம் அக்காவின் எம்.எஸ்ஸி. வகுப்புத் தோழி. மாடம்பாக்கத்துக்காரர். அங்கே நிலம் நீச்சோடு இருந்து, இப்போது அந்த நிலத்திலெல்லாம் அடுக்குமாடி எழும்பியிருக்கிற குடும்பம். இருவரும் ஒன்றாகவே ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். அவர் முடித்து எங்கள் பல்கலைக்கழகத்திலேயே உதவிப் பேராசிரியர் ஆனார், அக்கா கருவிக்கூடத்துக்கு வந்தார். ஆனாலும் மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். மற்றவர்கள் முன்னால் "மேடம்", தனியே இருந்தால் "டீ". மேடம் தன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை அள்ளி அக்கா தட்டில் வைப்பதைப் பார்த்தால் கூடப் பிறந்தவர்கள் என்றுதான் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவ். நடந்ததை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

சாயங்காலம் அக்கா கிளம்பத் தயாராகும்போது மேடம் கையில் குப்பிகளோடு வந்திருக்கிறார். பதவி உயர்வுக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கட்டுரையை அனுப்பிவிடவேண்டும், அதற்கு இந்த முடிவுகள் வேண்டும். முன்பதிவு செய்தால் வரிசை அடுத்த மாதத்தில் நிற்கிறது.

"நான் ஓட்டிக்கிறேன் டீ. நீ லாகின் மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போ. காலையில வந்து எல்லாத்தையும் நானே எடுத்துடறேன்."

"உப்புக் கரைசலாடீ?"

"ஆமா. எனக்குத் தெரியாதா? போடீ, உனக்கு பஸ் போயிடும்."

அக்கா தன் பாஸ்வேர்டைத் தானே தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் வடிகட்டினியா என்று கேட்கிறவர், தோழியிடம் கழுவுகிற வரிசையைச் சரியாகப் போட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாகிவிடுமே.

மேடம் எல்லாக் குப்பிகளும் தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி கருவிக்குக் கட்டளை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் கழுவுவதற்கு நேராக மெத்தனால். நடுவில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. ஆளில்லாத கூடத்தில் கருவி சொன்னதைச் செய்திருக்கிறது. காலையில் மேடம் வந்து பார்த்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன் வந்ததும் அக்கா சனிக்கிழமை என்றும் பாராமல் ஓடி வந்தார். இளஞ்சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார். குழாயைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பம்ப் கிறீச்சிட்டது. இனிமேல் கம்பெனி இன்ஜினியர்தான் வரவேண்டும், வெளிநாட்டிலிருந்து பாகம் வரவேண்டும் என்பது மதியத்துக்குள் புரிந்துவிட்டது. மேடம் அழுதிருக்கிறார்.

"நேர்காணல் நேரத்துல இது வெளிய வந்தா நான் காலி ஜோ. திங்கக்கிழமை நானே தலைவர் ரூமுக்குப் போய் சொல்லிடறேன். நானா போய் சொன்னா வேற மாதிரி எடுத்துப்பாரு. அதுவரைக்கும் சிஸ்டம்ல என் சாம்பிள் பேரு இருக்க வேணாம்டீ. யாராவது பார்த்து முந்திக்கிட்டு சொல்லிட்டாங்கன்னா அசிங்கம்."

அக்கா தன் கையாலேயே அந்த விவரங்களை அழித்தார். இதை அவர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் "அக்கா, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். "அவ அழுதா தினா" என்றார்.

திங்கட்கிழமை மேடம் தலைவர் அறைக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. தலைவர் டெல்லி போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். அதற்குள் கருவி படுத்துவிட்ட செய்தி பரவிவிட்டது. வரிசையில் காத்திருந்தவர்கள் வந்து கத்தினார்கள். ஓவியா என்று வெளிக் கல்லூரி மாணவி ஒருத்தி, அவளுடைய இலைச்சாறு கெட்டுப்போகும் சரக்கு, பிரிட்ஜில் வைத்தாலும் தாங்காது. மறுபடி இலை பறித்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். "உங்களை நம்பித்தானே மேடம் கொண்டுவந்து குடுத்தேன்" என்று அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போய், எங்கள் நிர்வாகத்திடம் புகாரும் கொடுத்தாள். அவளைக் குறை சொல்லமுடியாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யார் செய்தது என்று நானே கேட்டபோதும், "வர்ற வாரம் தெரிஞ்சிடும் தினா, இரு" என்று மட்டும்தான் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை.

கருவிக்கூடத்துத் தலைவர் ஜெயகிருஷ்ணன் சார் ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டார். கூடத்து ஆட்கள் நாங்கள், துறையிலிருந்து சில பேராசிரியர்கள், அதில் காந்திமதி மேடமும். கூட்டத்துக்கு முன்னால் மேடம் வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்து, "நீ வாயே திறக்காத, நான் பேசிக்கிறேன்" என்று சொன்னதை நானும் கேட்டேன். தோழிக்காகப் பரிந்து பேசப்போகிறார் என்று எனக்கு அப்போது அவர்மேல் மரியாதைதான் வந்தது. என் அறிவு அவ்வளவுதான்.

ஜெயகிருஷ்ணன் சார் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தாதவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோசலின் மேடம் லாகினில்தான் கருவி ஓடியிருக்கிறது, பிறகு சனிக்கிழமை விவரங்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன, இது எப்படி என்று கேட்டார். அக்கா காந்திமதி மேடத்தைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

மேடம் எழுந்து நின்றார்.

"சார், ஜோசலின் எனக்கு ரொம்ப வருஷத்து ஃபிரெண்ட். அதனால நான் பேசறதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வேணும்னு செய்யல சார். இதை இங்க சொல்லலாமான்னு தெரியல. கொஞ்ச நாளா அவங்களுக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட போயிட்டிருக்காங்க, மாத்திரை எடுத்துக்கிறாங்க. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த மாத்திரை போட்டா மறதி வரும் சார். அழிச்சதுகூடப் பயத்துல பண்ணியிருப்பாங்க. பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்காவுக்கு ராத்திரியில் தூக்கம் வராமல் போய், நெஞ்சு படபடத்து, சேலையூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தது உண்மை. தன் மகளுக்குக்கூட அவர் சொல்லவில்லை. சர்ச்சில் தெரிந்தால் ஜெபக் குழு வீட்டுக்கே வந்துவிடும் என்று பயம். கணவருக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தி அதை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் எடுத்துப் பரிமாறிவிட்டாள். இதற்கு மேல் அவளுக்கு நான் மேடம் போடப்போவதில்லை.

"சார், அன்னைக்கு..." என்று அக்கா எழுந்தார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கமே போதுமானதாக இருந்தது எல்லோருக்கும்.

"வேணாம்மா, உக்காருங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்லல" என்றார் சார். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்கள். அறை முழுக்க ஒரே இரக்கம். அக்காவை யாராவது திட்டியிருந்தால்கூட அவர் திருப்பிப் பேசியிருப்பார். இரக்கப்படுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

அன்று கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வைத்துத்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். டீ ஆறிப்போனது. அழவில்லை. "அவ சொல்லமாட்டான்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே தினா. வேணும்னா நானே பழியை ஏத்துக்கிட்டிருப்பேனே. அந்த மாத்திரையை ஏன் சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியும். பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டால், இனிமேல் அக்கா எந்த உண்மையைச் சொன்னாலும் செல்லாது. காந்திமதி அவ்வளவு படித்தவள்.

அதை நானே நேரில் பார்த்தேன். மறுநாள் காலையில் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஜெயகிருஷ்ணன் சாரிடம் போனேன். காந்திமதி வந்தது, லாகின் கேட்டது, அழிக்கச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

"ஜோசலின் அக்காதான் சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார், நான் அன்னைக்கு லீவு."

"பாவம் தினகரன் அவங்க. இந்த மாதிரி சமயத்துல நெருங்கினவங்க மேலதான் முதல்ல சந்தேகம் வரும். என் சொந்தத்துலயே பார்த்திருக்கேன். காந்திமதி எவ்வளவு அழுதாங்க தெரியுமா? நீங்க இதை வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

எனக்கு மேசையை உதைக்கலாம் போல இருந்தது. வெளியே வந்தபோது எங்கள் உதவியாளர் தாவீது வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தான். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். "அக்காவ மாத்தப் போறாங்களாமே, மெய்யா?" என்றான். அவனுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. அதுதான் அவர்களுடைய பெரிய மனசு. உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், டென்ஷன் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று அக்காவைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே விடைத்தாள் கட்டுகளை எடுத்து வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டும். எச்.பி.எல்.சி.க்கு ஒரு ஆசிரியர் மேற்பார்வையில் இருந்தால் நல்லது என்று தீர்மானித்து, காந்திமதியையே போட்டார்கள். பாகம் வந்து கருவி சரியானதும் புதிய பையன் ஒருவன் ஓட்ட ஆரம்பித்தான். யாரும் யாரையும் வடிகட்டினியா என்று கேட்பதில்லை. நேர்காணலில் காந்திமதி தேறிவிட்டாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நல்ல பெயர் வேறு. தோழிக்காக வாதாடி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள். கேன்டீனில் ஒரு பேராசிரியை அக்காவிடமே, "காந்திமதி மாதிரி ஒரு ஃபிரெண்ட் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் ஜோசலின்" என்று சொன்னாராம். அக்கா சிரித்துவிட்டு வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்? முகத்தைச் சுளித்தால் அதற்கும் மாத்திரைதான் காரணம் என்பார்கள்.

அக்காவுக்கு இடம் போனதுகூட ஆறிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் ஆறவில்லை. "அவ வாயால ஒரு தடவை சொல்லணும் தினா, நான்தான் பண்ணேன்னு. ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொன்னா போதும். நான் அப்படியே விட்டுடுவேன்." பார்க்கும்போதெல்லாம் இதையேதான் சொன்னார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அவள் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, விட்டுத் தொலையுங்கள் என்றேன். அவரால் விடமுடியவில்லை. அவளும் இன்னும் வாரத்துக்கு ஒருமுறை தேர்வுப் பிரிவுக்கு வந்து அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் வருகிறாள் என்பது என் கட்சி.

போன வாரம் ஒரு மதியம் தேர்வுக்கூடக் கண்காணிப்பு டியூட்டி பற்றிக் கேட்க நான் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். காந்திமதி அப்போதுதான் வெளியே வந்தாள். "என்ன தினகரன், நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். உள்ளே அக்கா தனியே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு தொடாமல் இருந்தது. கைப்பை மடியில் திறந்து கிடந்தது.

"கேட்டுட்டேன் தினா" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான். கதவைச் சாத்திட்டுதான் கேட்டேன். கோவமே இல்லாமக் கேட்டேன். காந்தி, பண்ணது நீதானே, என்கிட்ட மட்டும் ஒரு தடவை ஆமான்னு சொல்லுடீன்னேன்."

"என்ன சொன்னா?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஜோ, மாத்திரையை ஒழுங்காப் போடறியாடீன்னு கேட்டா."

எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுதமுடியாது. எழுந்து கதவுவரை போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அவ போனதும் பையைத் திறந்து பார்த்தேன்" என்றார் அக்கா. மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "காலையில போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தினா. எண்ணிப் பார்த்தேன்."

நான் அட்டையை வாங்கவில்லை.

"போட்டிருக்கேன்" என்றார்.